ஸ்டின்சன் கடற்கரையில் ஒரு பாஞ்சோ

ஜெர்ரி கார்ஸியாவை உலகம் மின்சாரக் கிதாருடன்தான் நினைவில் வைத்திருக்கிறது. அவர் அவ்வப்போது நழுவிப் போய் வாசித்த மலைநாட்டு இசையின் தடங்கள் வடக்குக் கலிபோர்னியாவில் இன்னும் அழிந்துவிடவில்லை.

கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டியதும் சான் பிரான்சிஸ்கோ நகரம் சட்டென்று முடிந்துவிடுகிறது. இடது பக்கம் பசிபிக் சமுத்திரம், வலது பக்கம் வளைகுடா, எதிரே மலை. நெடுஞ்சாலை எண் 1 பிரியும் இடத்திலிருந்து பாதை டமல்பாயிஸ் மலையின் இடுப்பைச் சுற்றி நெளிந்து ஏறுகிறது. மலையின் உயரம் 2,571 அடி. நம் ஊட்டி, கொடைக்கானலோடு ஒப்பிட்டால் சிறுபிள்ளை. ஆனால் கொடைக்கானல் பாதையில் வாந்தி எடுக்காமல் ஏறிவிட்டதாகப் பெருமை பேசுகிறவர்களுக்கும் இங்கே சோதனை காத்திருக்கிறது. ஒரு பக்கம் செங்குத்தான பள்ளம், அடியில் அலை. பாதி நாட்கள் பள்ளமே தெரியாது, ஏனென்றால் மூடுபனி. கோடைக்காலத்தில்தான் பனி அதிகம் என்பது புதிதாக வருகிறவர்கள் நம்ப மறுக்கும் செய்தி. ஜூலை மாத வெயிலை எதிர்பார்த்து அரைக்கை சட்டையோடு வந்து நடுங்குபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

சுமார் 35 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து இறங்கினால் ஸ்டின்சன் பீச். ஒரே ஒரு பிரதான வீதி. சில சாப்பாட்டுக் கடைகள், ஒரு புத்தகக் கடை, கடலில் சறுக்கும் பலகைகளை வாடகைக்கு விடும் இடம். சுறா மீன்கள் வரும் பகுதி என்ற எச்சரிக்கைப் பலகையும் உண்டு; அதைப் படித்துவிட்டுத்தான் மக்கள் தண்ணீரில் இறங்குகிறார்கள். 2020 கணக்கெடுப்பின்படி இங்கே நிரந்தரமாக வசிப்பவர்கள் 600 பேர்கூட இல்லை. ஊருக்கு வடக்கே பொலினாஸ் காயல். அமைதியாக நாரைகள் நிற்கும் அந்தக் காயலுக்கு அடியில்தான், 1906ல் சான் பிரான்சிஸ்கோவைத் தரைமட்டமாக்கிய சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு ஓடுகிறது. காயலுக்கு அப்பால் பொலினாஸ் என்ற கிராமம். வெளியாட்கள் வந்து கூட்டம் போடக்கூடாது என்பதற்காக, நெடுஞ்சாலையில் அரசாங்கம் நட்ட ஊர்ப் பெயர்ப் பலகையை இரவோடு இரவாகப் பிடுங்கிப் போடுவதைப் பல ஆண்டுகள் ஒரு கைத்தொழிலாகவே செய்துவந்தார்கள் அந்த ஊர்க்காரர்கள். ஒளிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு ஏற்ற கரை.

1970களின் தொடக்கத்தில் இந்த ஸ்டின்சன் பீச்சின் மலைச்சரிவில் ஒரு வீட்டில் குடும்பத்தோடு குடியேறினார் ஜெரோம் ஜான் கார்ஸியா. உலகத்துக்கு ஜெர்ரி கார்ஸியா. கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவின் கிதார் கலைஞர், பாடகர், விரும்பாமலேயே அமைந்துவிட்ட தலைவர். அந்த வீட்டில் அவர் அதிகம் எடுத்து வாசித்தது கிதார் அல்ல. ஐந்து தந்தி பாஞ்சோ.

பக்கத்திலேயே குடியிருந்தவர்கள் இருவர். நியூயார்க் பகுதியிலிருந்து வந்த மாண்டலின் வித்வான் டேவிட் கிரிஸ்மன் ஒருவர். இன்னொருவர் பாஸ்டனைச் சேர்ந்த பீட்டர் ரோவன். உயரமான குரல், கையில் கிதார். மூவரும் சாயங்காலங்களில் கார்ஸியாவின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பழைய பாட்டுகளை வாசிக்க ஆரம்பித்தார்கள். கடல் தெரியும் கூடம். பார்வையாளர்கள் என்று யாரும் கிடையாது. கார்ஸியாவின் தனிக்கச்சேரிகளில் பாஸ் வாசிக்கும் ஜான் கான் வந்து சேர்ந்துகொண்டார். இப்படி 1973ன் தொடக்கத்தில் பிறந்ததுதான் 'ஓல்ட் அண்ட் இன் த வே' என்ற குழு. கிரிஸ்மன் எழுதிய ஒரு பாட்டின் பெயர் அது. கிழடாகிப்போய், எல்லோருக்கும் இடைஞ்சலாகக் குறுக்கே நிற்பது என்று பொருள். பெயர் வைத்தபோது அவர்களுக்கு முப்பது வயதை ஒட்டித்தான் இருக்கும்.

மண்ணின் பெயரால் ஓர் இசை

ப்ளூகிராஸ் என்பதை நாட்டுப்புற இசை என்று சொல்லிவிடலாம், ஆனால் முழு உண்மையாகாது. நாட்டுப்புறப் பாட்டு போலக் காலம் தெரியாத இசை அல்ல இது. கெண்டக்கி மாநிலத்தின் ரோசின் என்ற சிற்றூரில் பிறந்த பில் மன்ரோ, தன் மாநிலத்தின் செல்லப் பெயரையே குழுவுக்கு வைத்து 'ப்ளூ கிராஸ் பாய்ஸ்' என்றார். 1939ல் அவர் நாஷ்வில் நகரத்தின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி மேடைக்கு வந்தார். 1945 இறுதியில் எர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர் பாஞ்சோவோடு அவர் குழுவில் சேர்ந்த பிறகுதான் அந்த இசைக்கு இன்று நாம் கேட்கும் வேகமும் வடிவமும் கிடைத்தன. குழுவின் பெயரே பிறகு இசை வகையின் பெயராகிவிட்டது.

ஸ்காட்லாந்து, அயர்லாந்திலிருந்து அப்பலாச்சிய மலைகளுக்கு வந்தவர்கள் கொண்டுவந்த பிடில் மெட்டுகள், தேவாலயப் பாடல்கள், கறுப்பின மக்களின் ப்ளூஸ், எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. பாஞ்சோவே ஆப்பிரிக்க அடிமைகளோடு கப்பலேறி வந்த வாத்தியம்தான். வட்டமான மேளம் போன்ற உடல், மேலே இழுத்துக் கட்டிய தோல், நீண்ட கழுத்து. நான்கு தந்திகள் முழு நீளம்; ஐந்தாவது தந்தி மட்டும் கழுத்தின் நடுவிலிருந்து தொடங்கி ஒரே சுரத்தில் ஒலித்துக்கொண்டே இருக்கும். வீணையின் பக்கவாட்டில் தாளத் தந்திகள் சும்மா இராமல் சுருதி கூட்டிக்கொண்டிருப்பதை நினைத்துக்கொள்ளலாம்.

கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு ப்ளூகிராஸ் அவ்வளவு அந்நியமாக இராது. பாட்டின் ஒரு வரி முடிந்ததும் பிடில்காரர் முன்னே வந்து தன் கற்பனையை விரிக்கிறார்; அடுத்து மாண்டலின்; அடுத்து பாஞ்சோ. பிறகு எல்லோரும் பல்லவிக்குத் திரும்புகிறார்கள். தோல் வாத்தியம், டிரம் எதுவும் கிடையாது. மாண்டலின்காரர் தந்திகளை அமுக்கி 'சக் சக்' என்று வெட்டும் ஒலிதான் தாளம். மாண்டலின் என்றால் தமிழர்களுக்கு உப்பலப்பு ஸ்ரீநிவாஸ்தான் (1969-2014). அவர் வாசித்தது சின்ன மின்சார மாண்டலின். இவர்களுடையது மரத்தின் குரலை மட்டுமே நம்பிய, இரண்டிரண்டாக எட்டுத் தந்தி கட்டிய வாத்தியம். கமகத்துக்கு இடமில்லை, வேகத்துக்கு உண்டு.

மின்சாரம் இல்லாத இசையில் ஒளிந்துகொள்ள வழியில்லை என்பது இன்னொரு விஷயம். ராக் கச்சேரியில் ஒரு சுரம் பிசகினால் ஒலிபெருக்கியின் ஆரவாரம் அதை விழுங்கிவிடும். இங்கே பக்கத்தில் நிற்பவரின் புருவம் உயரும்.

விடுபட்ட விரல்

இந்த இசைக்கு கார்ஸியா எப்படி வந்தார் என்பதற்கு நகரத்தின் தெற்குப் பகுதியான எக்செல்சியருக்குப் போகவேண்டும். தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த, நெருக்கமாக வீடுகள் நிற்கும் பேட்டை. சுற்றுலாப் பேருந்துகள் இந்தப் பக்கம் வருவதில்லை. ஸ்பெயினிலிருந்து குடியேறிய தந்தை ஹோசே கார்ஸியா ஓர் இசைக்குழு நடத்தியவர். ஜெரோம் கெர்ன் என்ற இசையமைப்பாளரின் நினைவாகத்தான் 1942 ஆகஸ்ட் 1ல் பிறந்த மகனுக்குப் பெயர் வைத்தார். 1947ல் மீன்பிடிக்கப் போன இடத்தில் ஆற்றில் மூழ்கி இறந்துபோனார். தாய் மதுக்கடை நடத்திப் பிழைக்கவேண்டி வந்ததால், ஹாரிங்டன் தெருவில் இருந்த தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தான் பையன். பாட்டி சலவைத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். சனிக்கிழமை இரவானால் அவர் வானொலியில் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வைத்துவிடுவார். பில் மன்ரோவின் குரல் அந்த வீட்டுக்குள் வந்தது அப்படித்தான்.

அதற்கும் முன்பே ஒரு விபத்து. நான்கு வயதில், விறகு பிளக்கும்போது அண்ணனின் கோடரி தவறி விழுந்து வலது கையின் நடு விரலில் பெரும்பகுதி போய்விட்டது. எர்ல் ஸ்க்ரக்ஸ் வகுத்த பாஞ்சோ முறைக்குத் தேவையானவை மூன்று விரல்கள்: கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல். அந்த மூன்றில் ஒன்று இல்லாத கை, பாட்டி வீட்டு வானொலியில் கேட்ட அந்த வாத்தியத்தைத்தான் தேடிப் போயிற்று. பதினைந்தாவது பிறந்தநாளுக்கு அம்மா வாங்கித் தந்த அக்கார்டியனைக் கொடுத்து மின்சாரக் கிதார் மாற்றிக்கொண்ட பையன், இருபது வயதில் பாஞ்சோப் பித்தனாகியிருந்தான்.

அந்தப் பித்து முற்றிய இடம் நகரத்துக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டரில் உள்ள பாலோ ஆல்ட்டோ. இன்று கம்ப்யூட்டர் கோடீஸ்வரர்களின் ஊர். நம்மவர்கள் எச்-1பி விசாவில் போய் இறங்கும் வட்டாரம். 1961ல் அங்கே வாடகை மலிவு. ராணுவத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட கார்ஸியா நண்பர்களின் வீடுகளில், பழைய காரில் தூங்கிக் காலம் தள்ளினார். அந்த ஆண்டு பிப்ரவரியில் அவர் பயணம் செய்த கார் கவிழ்ந்து கூட இருந்த நண்பர் ஒருவர் இறந்தார். அதுவரை வாழ்ந்தது வாழ்க்கையே இல்லை, அதன் பிறகுதான் தொடங்கியது என்ற பொருளில் கார்ஸியா பின்னாளில் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். மென்லோ பார்க்கில் கெப்ளர்ஸ் புத்தகக் கடையில் பகலெல்லாம் உட்கார்ந்து சாதகம். கடைக்காரர் துரத்தவில்லை. பாலோ ஆல்ட்டோவில் டானா மார்கன் வாத்தியக் கடையில் பிள்ளைகளுக்கு கிதாரும் பாஞ்சோவும் சொல்லிக் கொடுக்கும் வேலை. 1963 டிசம்பர் 31ந் தேதி இரவு, ஊரே புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் இருக்க, மாணவர்கள் வரவில்லையே என்ற பிரக்ஞைகூட இல்லாமல் கடைக்குள் பாஞ்சோ வாசித்துக்கொண்டிருந்தார் கார்ஸியா. அந்தச் சத்தம் கேட்டுத்தான் பின்வாசல் பக்கம் நின்று எட்டிப் பார்த்தான் 16 வயது பாப் வீர். கிரேட்ஃபுல் டெட் குழுவின் கதை அங்கே தொடங்குகிறது.

ஆனால் கார்ஸியா விரும்பியது வேறு. 1964ல் அவரும் நண்பர் சாண்டி ராத்மனும் ஒரு காரில் டேப் ரிக்கார்டரைப் போட்டுக்கொண்டு கண்டத்தைக் குறுக்கே கடந்தார்கள். இண்டியானா மாநிலத்தில் பீன் ப்ளாஸம் என்ற ஊரில் பில் மன்ரோவின் இசைக்கொட்டகை இருந்தது. அவரைப் பார்க்கவேண்டும், குழுவில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கவேண்டும். அதுதான் திட்டம். போய்ச் சேர்ந்தார்கள். மன்ரோ எதிரிலேயே நின்றார். கார்ஸியாவுக்கு வாய் வரவில்லை. கேட்காமலே திரும்பிவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், கூடப் போன ராத்மன் அங்கேயே தங்கி, அந்தக் கோடையில் மன்ரோவின் குழுவில் வாசித்தார். அதே பயணத்தில் பென்சில்வேனியாவின் சன்செட் பார்க் என்ற திடலில் கார்ஸியா சந்தித்துக் கைகுலுக்கிய இன்னொரு இளைஞன்தான் டேவிட் கிரிஸ்மன். கேட்கத் துணிந்திருந்தால்? ராக் உலகம் தன் பெரிய கிதார் கலைஞர்களில் ஒருவரை இழந்திருக்கலாம். கெண்டக்கிப் பக்கம் எங்கோ ஒரு பஸ்ஸில், கோட்டும் தொப்பியும் அணிந்து, மன்ரோவின் அதட்டலுக்கு அடங்கி ஒரு பாஞ்சோக்காரர் ஊர் ஊராகப் போயிருப்பார். கலிபோர்னியா திரும்பிய கார்ஸியா, அடுத்த ஆண்டே மின்சாரக் கிதாரை எடுத்தார். 1965 மே மாதம் மென்லோ பார்க்கில் ஒரு பீட்சா கடையில் முதல் கச்சேரி. ஆண்டு முடிவதற்குள் குழுவுக்கு கிரேட்ஃபுல் டெட் என்று பெயர். பிறகு ஹெய்ட் ஆஷ்பரி, ஹிப்பிகள், எல்எஸ்டி, பூ வைத்த தலைகள். அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

75 டன்னும் ஒரு பாஞ்சோவும்

1973 ஜூலை 28ந் தேதி நியூயார்க் மாநிலத்தில் வாட்கின்ஸ் க்ளென் என்ற இடத்தில் கிரேட்ஃபுல் டெட் வாசித்தபோது வந்த கூட்டம் ஏறத்தாழ ஆறு லட்சம். அதே ஆண்டு அதே கார்ஸியா, சான் அன்செல்மோ என்ற சிற்றூரில் 'லயன்ஸ் ஷேர்' என்ற சின்ன விடுதியில், சில நூறு பேர் முன்னால், ஓரமாக நின்று பாஞ்சோ வாசித்துக்கொண்டிருந்தார். பாட்டுகளை முன்னின்று பாடியவர் பெரும்பாலும் ரோவன். அவர் பில் மன்ரோவின் குழுவிலேயே இருந்துவிட்டு வந்தவர். கார்ஸியா கேட்கத் தயங்கிய இடத்தைக் கேட்டு வாங்கியவர் என்றும் சொல்லலாம். பிடிலுக்குச் சிலர் வந்து போனபின் நிலைத்தவர் வஸ்ஸார் கிளமென்ட்ஸ். 1949லேயே மன்ரோவிடம் வாசித்தவர்; மற்றவர்களைவிடப் பதினான்கு வயதுக்கு மேல் மூத்தவர். தெற்கத்திய மரியாதையும் நீளமான புகைக்குழலுமாக அவர் இந்த நீண்ட தலைமுடிக்காரர்களுக்கு நடுவே நின்ற படங்களைப் பார்த்தால் சம்பந்தி வீட்டுக்குத் தவறி வந்துவிட்ட பெரியப்பா மாதிரி இருக்கும். வில்லை எடுத்துவிட்டால் கதை வேறு.

ஒலிப்பதிவுக்கு வந்தவர் ஆவ்ஸ்லி ஸ்டான்லி. 'கரடி' என்று அழைக்கப்பட்டவர். எல்எஸ்டி தயாரித்துச் சிறைக்குப் போய் வந்தவர். ஒலி விஷயத்தில் மகா பிடிவாதக்காரர். அப்போது டெட் குழுவுக்காக உருவாகிக்கொண்டிருந்த 'ஒலிச்சுவர்' என்ற ராட்சச ஒலிபெருக்கி அமைப்பின் பின்னணி மூளைகளில் ஒருவர். 1974ல் அது முழு வடிவம் பெற்றபோது எடை சுமார் 75 டன். லாரி லாரியாக ஊர் ஊராகப் போய் அதைப் பூட்டிக் கழற்றியே குழுவின் கஜானா காலியாயிற்று. அதே ஸ்டான்லி 1973 அக்டோபர் 1, 8 ஆகிய இரண்டு திங்கட்கிழமைகளில், சான் பிரான்சிஸ்கோவின் புஷ் தெருவில் இருந்த 'போர்டிங் ஹவுஸ்' என்ற சிறு அரங்கத்துக்கு எட்டு மைக்குகளையும் ஒரு நாக்ரா டேப் ரிக்கார்டரையும் எடுத்துக்கொண்டு போனார். பிற்பாடு கூட்டிக் குறைக்க வழியில்லாத நேரடிப் பதிவு.

அந்த இரண்டாவது திங்கட்கிழமையிலிருந்து எடுத்த பாடல்கள் 1975ல் இசைத்தட்டாக வந்தன. இன்று கேட்டாலும் அந்த அறையின் நெருக்கம் காதுக்குத் தெரிகிறது. ரோவனின் 'பானமா ரெட்', 'மிட்நைட் மூன்லைட்', ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'வைல்ட் ஹார்ஸஸ்', மலைநாட்டுப் பழம்பாடல்கள், எல்லாம் ஒரே இலையில் பரிமாறப்பட்டன. கறாரான ப்ளூகிராஸ் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். நியாயமும் இருக்கிறது. கார்ஸியாவின் பாஞ்சோ அந்தக் காலத்து முதல்தர வித்வான்களின் துல்லியத்தை எட்டவில்லை. சில இடங்களில் விரல் தடுமாறுகிறது. பத்தாண்டு இடைவெளி தெரிகிறது. ஆனால் அந்த வாசிப்பில் உள்ள உற்சாகம் அவருடைய ஆறு லட்சம் பேர் கூட்டத்துப் பதிவுகளில் எப்போதும் கிடைப்பதில்லை. ப்ளூகிராஸ் என்ற பெயரையே கேட்டிராத ராக் ரசிகர்கள் கார்ஸியாவுக்காக அந்தத் தட்டை வாங்கி, கிளமென்ட்ஸின் பிடிலில் மாட்டிக்கொண்டார்கள். ப்ளூகிராஸ் தட்டுகளில் பல ஆண்டுகள் அதிகம் விற்றது அதுதான் என்பார்கள். 2000ல் வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்' படத்தின் இசைத்தொகுப்புதான் அதை மிஞ்சியது என்றும் சொல்வதுண்டு.

தட்டு கடைக்கு வந்தபோது குழு இல்லை. 1974 ஏப்ரலோடு கலைந்துவிட்டது. ஆளுக்கொரு திசையில் வேலை இருந்தது. தட்டின் பணக் கணக்கில் கார்ஸியாவுக்கும் கிரிஸ்மனுக்கும் மனஸ்தாபம் ஏற்பட்டு, பத்து ஆண்டுகளுக்கு மேல் இருவரும் சேர்ந்து வாசிக்கவில்லை. கிரிஸ்மனுக்கு 'டாக்' என்ற செல்லப் பெயரை வைத்தவர் கார்ஸியாதான். அந்தப் பெயரையே தன் இசைக்கு வைத்து, ப்ளூகிராஸையும் ஜாஸையும் கலந்து 'டாக் மியூசிக்' என்று தனிப் பாணி வளர்த்தார் கிரிஸ்மன். பேச்சு இல்லை, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

மீண்டும் மரப்பெட்டி

1986 ஜூலையில் நீரிழிவு முற்றி கார்ஸியா சில நாட்கள் நினைவிழந்து கிடந்தார். பிழைத்தெழுந்தபோது கிதார் வாசிப்பதையே ஏறக்குறைய மறுபடி பயிலவேண்டியிருந்தது. ஹெராயின் பழக்கமும் வெகுநாளாக உடம்பைத் தின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்தில் பழைய சகாக்கள் டேவிட் நெல்சனும், 1964ல் கூடப் பயணம் போன அதே சாண்டி ராத்மனும் வந்து உட்கார்ந்து பழைய பாட்டுகளை வாசித்தார்கள். அதிலிருந்து 1987ல் ஜெர்ரி கார்ஸியா அக்கூஸ்டிக் பேண்ட் முளைத்தது. அந்த அக்டோபரில் நியூயார்க் பிராட்வேயின் லண்ட்-ஃபோன்டான் நாடக அரங்கில் 18 காட்சிகள். முதல் பாதி மரவாத்தியங்கள், மறுபாதி மின்சாரம். டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தன. இசை நாடகங்களுக்கு வரும் பட்டுச் சேலை... இல்லை, மிங்க் கோட்டுக் கூட்டத்தின் நடைபாதையில் சாயமடித்த பனியன்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

அதே ஆண்டுதான் டெட் குழுவின் 'டச் ஆஃப் கிரே' பாடல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் வாசித்த பிறகு வந்த வெற்றி. விளையாட்டு அரங்கங்கள் நிரம்பின. வாசலில் டிக்கெட் இல்லாத கூட்டம். கூடவே போலீஸ், தகராறு. பெரிய குழு பெரிதாக ஆக ஆக, கார்ஸியாவுக்குச் சின்ன அறை தேவைப்பட்டது.

அந்த அறை மில் வேலியில் கிடைத்தது. டமல்பாயிஸ் மலையின் இந்தப் பக்கச் சரிவில், செம்மரக்காட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஊர் மில் வேலி. அங்கே கிரிஸ்மன் வீட்டிலேயே ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்தார். 1990ல் மனஸ்தாபம் தீர்ந்தது. கார்ஸியா காரை ஓட்டிக்கொண்டு வருவார், கிதாரை எடுப்பார். டேப் ஓடிக்கொண்டே இருக்கும். கடலோடிகளின் பாட்டு, தாலாட்டு, ஜாஸ், மலைப்பாட்டு, எது நினைவுக்கு வருகிறதோ அது. 1991ல் இருவரின் பெயரில் ஒரு தட்டு வந்தது. 1993ல் குழந்தைகளுக்கான பாடல்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் டோனி ரைஸ் என்ற அபார கிதார் கலைஞரோடு இரண்டு இரவுகள் வாசித்த பதிவு ஒன்று திருட்டு கேசட்டாக நாடெங்கும் பரவியது. கார்ஸியா வீட்டுக்கு பீட்சா கொண்டுவந்த பையன் சமையலறையில் கிடந்த கேசட்டைக் கொண்டுபோய்விட்டான் என்பது கிரிஸ்மன் தரப்பில் சொல்லப்படும் கதை. 2000ல் முறைப்படி வெளியிட்டபோது 'த பீட்சா டேப்ஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார். அடுத்து கிரிஸ்மனின் மகள் ஜில்லியன், இருவரின் நட்பைப் பற்றி 'கிரேட்ஃபுல் டாக்' என்ற ஆவணப்படம் எடுத்தார். இரண்டு தாடிக்காரர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் வாசிப்பில் மற்றவர் சிரிப்பதைப் பார்ப்பதற்காகவே அதைப் பார்க்கலாம்.

அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வெளியே அவருக்கு அரிதாகிக்கொண்டிருந்தது. 1995 ஆகஸ்ட் 9ந் தேதி அதிகாலை, அதே மாரின் மாவட்டத்தில் ஃபாரஸ்ட் நால்ஸ் என்ற ஊரில், போதைப் பழக்கத்திலிருந்து மீட்கும் இல்லம் ஒன்றில் உறங்கிய நிலையில் இறந்தார் கார்ஸியா. வயது 53. கிழடாகிக் குறுக்கே நிற்கும் வயதல்ல.

கங்கைக்கு வந்த சாம்பல்

இந்த மாவட்டத்துக்கு இந்திய இசை புதிதல்ல. உஸ்தாத் அலி அக்பர் கான் 1967ல் தொடங்கிய இசைக்கல்லூரி மறு ஆண்டே இங்குள்ள சான் ரஃபேலுக்கு வந்துவிட்டது. 2009ல் அவர் காலமானது சான் அன்செல்மோவில். கார்ஸியா பாஞ்சோ வாசித்த 'லயன்ஸ் ஷேர்' இருந்த அதே சிற்றூர். கல்லூரியில் தபலா கற்பித்த ஜாகிர் ஹுசேனும் டெட் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட்டும் சேர்ந்து 1976ல் வெளியிட்ட 'டீகா ரிதம் பேண்ட்' தட்டில் கார்ஸியாவின் கிதாரும் உண்டு. அந்த நட்புச் சங்கிலியின் இன்னொரு கண்ணியாக, ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' தட்டில் (1991) நம் 'விக்கு' விநாயக்ராமின் கடம் ஒலித்தது. உலக இசைக்கான முதல் கிராமி விருதைப் பெற்ற தட்டு அது.

1996 ஏப்ரல் 4ந் தேதி அதிகாலை, சந்திர கிரகணம் முடிந்த வேளையில், கார்ஸியாவின் மனைவி டெபோராவும் பாப் வீரும் ரிஷிகேசத்தில் கங்கையில் இறங்கி நின்றார்கள். கையில் கார்ஸியாவின் அஸ்தியில் ஒரு பகுதி. 1963ல் வாத்தியக் கடையின் பின்வாசலில் பாஞ்சோ கேட்டு நின்ற பையன்தான் வீர். கார்ஸியா இந்தியாவில் கச்சேரி செய்தவர் அல்ல, இந்துவும் அல்ல. எதற்காக கங்கை என்று அமெரிக்காவில் அவர் குடும்பத்திலேயே சிலர் கோபப்பட்டார்கள். பீட்டில்ஸ் குழு 1968ல் தியானம் கற்க வந்து தங்கிய அதே ஊர்தான் ரிஷிகேசம். அப்போது உலகப் பத்திரிகைகள் எல்லாம் அங்கே கூடாரமிட்டன. இந்தமுறை படித்துறையில் ஒரு சின்னக் கூட்டம் மட்டும். மீதி அஸ்தி அதே மாதம் 15ந் தேதி சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில், கோல்டன் கேட் பாலத்தின் அருகே கரைக்கப்பட்டது. ஸ்டின்சன் பீச்சும் இந்தச் சடங்குக்குப் புதிதல்ல. 1970ல் பாடகி ஜானிஸ் ஜாப்ளினின் சாம்பலை விமானத்திலிருந்து தூவியது இந்தக் கரையை ஒட்டித்தான்.

இன்று தேடிப் போகிறவர்களுக்குப் பார்க்கக் கிடைப்பது கொஞ்சமே. புஷ் தெருவின் 'போர்டிங் ஹவுஸ்' கட்டடம் இல்லை. 'லயன்ஸ் ஷேர்' இல்லை. ஸ்டின்சன் பீச்சில் மலைச்சரிவு வீடுகள் இப்போது இசைக்கலைஞர்கள் கனவிலும் வாடகைக்கு எடுக்க முடியாத விலை. எக்செல்சியரை அடுத்த மக்லாரன் பூங்காவின் திறந்தவெளி அரங்குக்கு 2005ல் கார்ஸியாவின் பெயரை வைத்தார்கள். ஆகஸ்டில் அங்கே அவர் நினைவாக 'ஜெர்ரி தினம்' நடக்கிறது. 1973ன் அந்த இரண்டு திங்கட்கிழமைகளின் முழுப் பதிவும் நாற்பது ஆண்டு கழித்து, 2013ல் நான்கு குறுந்தகடுகளாக வெளிவந்தது. சுற்றி வந்து களைத்தவர்கள் அதை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

இசையைக் கேட்டே ஆகவேண்டும் என்றால் அக்டோபர் தொடக்கத்தில் வரலாம். பாஞ்சோ வாசிக்கும் பைத்தியம் பிடித்த வாரன் ஹெல்மன் என்ற நிதி முதலீட்டாளர், 2001ல் கோல்டன் கேட் பூங்காவில் தன் சொந்தச் செலவில் 'ஸ்ட்ரிக்ட்லி ப்ளூகிராஸ்' என்ற திருவிழாவைத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே ராக் பாடகர்களும் நாட்டுப்பாடகர்களும் உள்ளே வந்துவிட, பெயரை 'ஹார்ட்லி ஸ்ட்ரிக்ட்லி' என்று மாற்றிக்கொண்டார்கள். கறாரெல்லாம் அவ்வளவாக இல்லை என்று அர்த்தம். 2011ல் ஹெல்மன் இறந்த பிறகும் அவர் ஒதுக்கிவைத்த பணத்தில் விழா தொடர்கிறது. மூன்று நாட்கள், பல மேடைகள். முக்கியமான மேடைக்குப் பெயர் பாஞ்சோ மேடை. விளம்பரதாரர் பெயர்ப்பலகை கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. புல்தரையில் கம்பளம் விரித்து உட்காரும் கூட்டத்தில் பேரன் பேத்திகளோடு வந்த நரைத்த சடைக்காரர்கள் நிறைய. பிற்பகல் நான்கு மணிக்கு மேல் கடலிலிருந்து பனி இறங்கும். தடிமனான ஸ்வெட்டர் ஒன்று அவசியம்.